வீட்டில் நேரோ கேஜ் மாடல் ரயில் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேரோ கேஜ் ரயில்களைக் கையால் கட்டத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு இரண்டே வரியிலும் பதில் இருக்கும்.

நேரோ கேஜ் மாடல் என்றால் அளவில் சிறிய மாடல் என்று அர்த்தமா?

இல்லை. இங்கே ஸ்கேல், கேஜ் என்ற இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நிஜ ரயிலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறோம் என்பது ஸ்கேல். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி கேஜ். நிஜத்தில் ஸ்டாண்டர்டு கேஜ் 1435 மி.மீ. அதைவிடக் குறுகலானவை எல்லாமே மாடல்காரர்களுக்கு நேரோ கேஜ்தான்: 1067, 1000, 914, 762, 610 மி.மீ. என்று பல அளவுகள் உண்டு.

மாடலில் இதை எப்படிக் கொண்டுவருகிறோம்? சிறிய ஸ்கேலுக்கென்று செய்த தண்டவாளத்தின் மேல், பெரிய ஸ்கேலில் கட்டிய உடலை ஓடவிடுகிறோம். ‘என்’ (N) கேஜ் என்ற சிறிய மாடல் வகையின் தண்டவாள இடைவெளி 9 மி.மீ. அதே 9 மி.மீ. பாதையில் 1:76 ஸ்கேல் எஞ்சினை வைத்தால், நிஜத்தில் அது சுமார் 686 மி.மீ. பாதை ஆகிறது. இதைத்தான் ஓஓ9 என்கிறார்கள். வேல்ஸில் உள்ள டாலிலின் ரயில்வேயின் கேஜ் 2 அடி 3 அங்குலம், அதாவது அதே 686 மி.மீ. அந்தப் பாதையை ஓஓ9-இல் கட்டினால் கணக்கு கச்சிதமாகப் பொருந்திவிடும். டார்ஜிலிங் மலை ரயிலின் 610 மி.மீ. பாதைக்கு 1:76-இல் 8 மி.மீ. வேண்டும். ஒரு மி.மீ. வித்தியாசம் வருகிறது. ஓடும்போது கண்ணுக்கு அது தெரியாது. பெரும்பாலானவர்கள் அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள், நானும்தான்.

எந்த ஸ்கேலில் தொடங்கலாம்?

இடமும் கண்பார்வையும்தான் இதைத் தீர்மானிக்க வேண்டும். 9 மி.மீ. பாதையில் 1:76 அல்லது 1:87 எடுத்தால் ஒரு சின்ன மேசையிலேயே முழுப் பாதையும் அடங்கிவிடும். ஆனால் கைப்பிடிக் கம்பிக்கு 0.3 மி.மீ. கம்பியைப் பிடித்து வளைக்க வேண்டியிருக்கும்.

16.5 மி.மீ. பாதையில் 1:48 அல்லது 1:43.5 எடுத்தால் நிஜத்தில் முறையே 792, 718 மி.மீ. ஆகிறது. 762 மி.மீ. பாதையைக் காட்ட ஆன்30 என்று அழைக்கப்படும் 1:48 வகைதான் பரவலாகப் பயன்படுகிறது. கையால் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வதும் இந்தப் பெரிய அளவுகளைத்தான். எச்ஓ (1:87) ஸ்கேலுக்கென்று செய்த உறுதியான சேசிஸ்கள், அதாவது மோட்டாரும் சக்கரங்களும் உள்ள அடிப்பகுதிகள், அப்படியே உதவும். ரிவெட்டுகள் கண்ணுக்குத் தெரியும், ஓட்டுநரின் முகத்துக்குக்கூட வண்ணம் தீட்டலாம்.

தோட்டத்தில் ஓட்ட வேண்டும் என்றால் 1:19 ஸ்கேல், 32 மி.மீ. பாதை. இது 610 மி.மீ. பாதைக்கு ஏறக்குறைய சரியான கணக்கு. நிஜ நீராவியில் ஓடும் எஞ்சின்கள் இந்த அளவில் நிறைய உண்டு. 1968-இல் வந்த எல்ஜிபி பிராண்டு தோட்ட ரயில்கள் 1:22.5 ஸ்கேலில் 45 மி.மீ. பாதையில் ஓடுபவை. அந்தக் கணக்கில் அது மீட்டர் கேஜ்.

நிஜத்தில் இருந்த எஞ்சினை அச்சு அசலாகத்தான் கட்ட வேண்டுமா? என் இஷ்டத்துக்கு மாற்றினால் தவறா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மாற்றிக் கட்டுவதுதான் நேரோ கேஜின் மரபே. காசு குறைவான, சின்னச் சின்ன ரயில்வேக்கள் கையில் கிடைத்ததை வெட்டி ஒட்டி ஓட்டியவை. வேல்ஸின் ஃபெஸ்டினியோக் ரயில்வே தன்னுடைய பாஸ்டன் லாட்ஜ் பணிமனையிலேயே 1879-இல் ‘மெர்தின் எம்ரிஸ்’ என்ற இரட்டை எஞ்சினைக் கட்டியது. டார்ஜிலிங் பாதையின் பி வகை எஞ்சின்களில் சில, மலையிலேயே உள்ள திண்டாரியா பணிமனையில் கட்டப்பட்டவை. அமெரிக்காவின் கொலராடோவில் ரியோ கிராண்ட் சதர்ன் ரயில்வே, நீராவி ரயில் ஓட்டக் கட்டுப்படியாகாமல், 1931 முதல் பழைய ப்யூக், பியர்ஸ் ஆரோ கார்களின் உடலைத் தண்டவாளச் சக்கரங்களின் மேல் ஏற்றித் தபாலும் பயணிகளும் கொண்டுபோனது. அந்த வண்டிகளுக்கு ‘கேலப்பிங் கூஸ்’ என்றே பெயர் வந்துவிட்டது.

என் மனதுக்கு நெருக்கமானது ‘ரஸ்ஸல்’ எஞ்சினின் கதை. 1906-இல் ஹன்ஸ்லெட் கம்பெனி கட்டிய எஞ்சின் அது. ஃபெஸ்டினியோக் பாதையின் சுரங்கங்களுக்குள் நுழைய வேண்டும் என்று 1924-இல் அதன் புகைபோக்கி, நீராவிக் குமிழ், கேபின் எல்லாவற்றையும் உயரம் குறைத்து வெட்டினார்கள். அவ்வளவு செய்தும் மோயல்வின் சுரங்கத்துக்குள் அது நுழையவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து ஆர்வலர்கள் அதற்குப் பழைய உருவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆக, உங்கள் எஞ்சினின் கேபினை நீங்கள் வெட்டினால், நிஜப் பணிமனைகள் செய்ததைத்தான் நீங்களும் செய்கிறீர்கள்.

அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் கட்டலாமா?

ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் பாதைக்கு ஒரு காரணம் இருக்கட்டும். கல் குவாரியா, கரும்பா, மரமா, தேயிலையா, மலைக்குப் போகும் பயணிகளா? என்ன ஏற்றுகிறது என்று முடிவு செய்தால் பெட்டிகளின் வடிவம், எஞ்சினின் பலம், அழுக்கின் நிறம் எல்லாமே அதிலிருந்து வரும். அப்புறம் உங்கள் பாதையின் அதிகபட்ச அகலம், உயரம் இரண்டையும் குறித்து, அந்த அளவில் ஒரு அட்டையில் சுரங்கவாயில் வடிவத்தை வெட்டி வையுங்கள். கட்டும் ஒவ்வொரு வண்டியும் அதற்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். ரஸ்ஸலுக்கு வந்த சிக்கல் உங்களுக்கு வராது. பத்து வெவ்வேறு இடத்து வண்டிகளை மாற்றிக் கட்டினாலும் ஒரே குடும்பம்போலத் தெரியும்.

முதல் எஞ்சினை எங்கிருந்து தொடங்குவது?

சேசிஸிலிருந்து. உடல் எவ்வளவு அழகாக இருந்தாலும், திக்கித் திக்கி ஓடும் எஞ்சினை நான்கு நாளில் அலமாரியில் வைத்துவிடுவோம். ஓஓ9-க்கு என் கேஜ் சேசிஸ்களும், ஆன்30-க்கு எச்ஓ சேசிஸ்களும் பொருந்தும். காட்டோ கம்பெனி மோட்டார் பொருத்திய சிறு சேசிஸ்களைத் தனியாகவே விற்கிறது. முதல் முயற்சிக்கு அவை மிக வசதி. பழைய எஞ்சின் ஒன்றின் உடலைக் கழற்றிவிட்டும் பயன்படுத்தலாம்.

வாங்கியதும் வெறும் சேசிஸை முன்னோக்கி அரை மணி நேரம், பின்னோக்கி அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு கன்ட்ரோலரை மெல்லத் திறந்து, அது எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று பாருங்கள். குறுகிய பாதை ரயிலுக்கு வேகம் தேவையில்லை, தவழ்ந்து போவதுதான் அழகு. தவழும்போது ஒரே இடத்தில் விட்டுவிட்டு நின்றால் பற்சக்கரத்தில் தூசியோ பிசிரோ இருக்கும். அதைச் சரிசெய்யாமல் உடல் கட்டத் தொடங்காதீர்கள்.

சேசிஸின் நீளம், அகலம், மோட்டாரின் உயரம் மூன்றையும் அளந்து தாளில் வரையுங்கள். அதன் மேல் எஞ்சினின் பக்கத்தோற்றத்தை வரைந்து பார்த்தால், மோட்டார் கேபினுக்குள் முட்டுமா, தண்ணீர்த் தொட்டிக்குள் மறையுமா என்று தெரிந்துவிடும். பக்கத்தில் ஒரு மனித உருவத்தையும் வரைந்துகொள்ளுங்கள். 170 செ.மீ. ஆள் 1:76-இல் சுமார் 22 மி.மீ., 1:48-இல் சுமார் 35 மி.மீ. கேபின் வாசலில் அந்த ஆள் தலைகுனியாமல் நுழைய முடியாவிட்டால் எஞ்சின் பொம்மைபோல ஆகிவிடும். புதிதாகக் கட்டுகிறவர்கள் செய்யும் பிழைகளில் பாதி இந்த ஓர் இடத்தில்தான் நடக்கிறது.

உடலை எதனால் கட்டுவது?

பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட். சுவர்களுக்கு 0.5 மி.மீ., தளத்துக்கு 1 மி.மீ., மேல்பட்டிகளுக்கு 0.25 மி.மீ. கத்தியால் முழுவதும் அறுக்க வேண்டாம். இரும்பு அளவுகோலை வைத்து இரண்டு மூன்று முறை கீறிவிட்டு மடக்கினால் நேர்கோட்டில் உடையும். ஜன்னல்களைச் சுவரைப் பிரித்தெடுக்கும் முன்பே வெட்டிவிடுங்கள். இரண்டு பக்கச் சுவர்களையும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி ஒரே நேரத்தில் அரத்தால் ராவினால் இரண்டும் ஒரே அளவில் வரும். பாய்லருக்குப் பிளாஸ்டிக் குழாய் போதும், பேனாக் குழாய்கூட உதவும். ரிவெட்டுக்கு மெல்லிய ஷீட்டைப் பின்பக்கமிருந்து மழுங்கிய ஊசியால் சீரான இடைவெளியில் அழுத்தினால் முன்பக்கம் புள்ளி புள்ளியாக எழும்பும்.

ஒட்டுவதற்குப் பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கும் திரவப் பசைதான் சரி. இதில் ஒரு எச்சரிக்கை. நான் முதன்முதலில் கட்டிய எஞ்சினில், பாய்லருக்கு மேல் உட்காரும் தொட்டியை நான்கு பக்கமும் மூடிய பெட்டியாக ஒட்டினேன். முடித்த அன்று ஜம்மென்று இருந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் உள்வாங்கிக் கோணிப்போயிருந்தது. பசையின் ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சுவரை இளக்கிவிட்டது. அன்றிலிருந்து, மூடிய எந்தப் பெட்டிக்கும் அடியில் ஒரு துளை போடாமல் ஒட்டுவதில்லை.

3டி பிரின்ட் எடுத்துக் கட்டலாமா? பித்தளை கிட் வாங்கலாமா?

இரண்டும் நல்ல வழிகள். ரெசின் பிரின்டில் ரிவெட்டு, கதவுக் கீல் எல்லாம் கூர்மையாக வரும். ஆனால் மெல்லிய கைப்பிடிகள் எளிதில் உடையும். கைப்பிடி, படிக்கட்டு, குழாய்களைப் பிரின்டில் சேர்க்காமல் துளை மட்டும் விட்டு, பிறகு பித்தளைக் கம்பியைப் பொருத்துங்கள். உடலை உள்ளீடற்றதாக வடிவமைத்தால் திரவ ரெசின் வெளியேறத் துளை அவசியம். கழுவாத ரெசினை வெறும் கையால் தொடக் கூடாது, கையுறை போடுங்கள். அடுக்குக் கோடுகள் தெரிந்தால் பிரைமர் அடித்து நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும்.

பித்தளைத் தகட்டு கிட்டுக்குச் சாலிடரிங் தெரிந்திருக்க வேண்டும். அதில் ஒரு சூட்சுமம் உண்டு: பெரிய இணைப்புகளுக்கு 188 டிகிரியில் உருகும் சாலிடர், அதன் மேல் வரும் சின்ன பாகங்களுக்கு 145 டிகிரி சாலிடர், வெள்ளை உலோக வார்ப்புகளுக்கு 70 டிகிரி சாலிடர். இறங்குவரிசையில் போனால், பிந்தைய வேலையின் சூட்டில் முந்தைய இணைப்பு விட்டுப்போகாது.

எஞ்சின் ஓடுகிறது, ஆனால் நான்கு பெட்டிகளை இழுக்கவில்லை. ஏன்?

எடை போதவில்லை. பிளாஸ்டிக் உடல் காற்றுப்போல இருக்கும், சக்கரம் வழுக்கும். பாய்லர், தொட்டி, கேபின் கூரை என்று காலியான எல்லா இடங்களிலும் ஈயத் தகட்டையோ டங்ஸ்டன் மாவையோ நிரப்புங்கள். எடை இயங்கும் சக்கரங்களின் நடுவில் விழ வேண்டும். விரலில் எஞ்சினைத் தொங்கவிட்டால் சமநிலைப் புள்ளி தெரியும். ஒரு முனையில் சாய்ந்தால் வளைவில் மறுமுனைச் சக்கரம் தூக்கிக்கொள்ளும்.

ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசை ஊற்றி ஒட்டாதீர்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். அந்தப் பசையோடு ஈயம் வினைபுரிந்து மெல்ல மெல்லப் பெருகும். சில வருடங்களில் பாய்லரே பிளந்துவிடும். எபாக்ஸி அல்லது சூப்பர் குளூ பயன்படுத்துங்கள். ஈயத்தைத் தொட்டபின் கையைக் கழுவுங்கள்.

இன்னொரு காரணம் ஏற்றமாக இருக்கலாம். 40 செ.மீ.க்கு 1 செ.மீ. ஏற்றம் என்பதே சின்ன எஞ்சினுக்குப் பாரம்தான். ஏற்றமும் வளைவும் ஒரே இடத்தில் வந்தால் இன்னும் கடினம்.

பாயின்ட்டுகளை (பாதை பிரியும் இடங்களை) தாண்டும்போது நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

நான்கு சக்கர எஞ்சின்களின் பிறவிக் குறை இது. இரண்டு சக்கரங்கள் மின்சாரம் இல்லாத பிளாஸ்டிக் பகுதியின் மேல் வந்துவிட்டால், மிச்சமுள்ள இரண்டில் ஒன்று அழுக்காக இருந்தாலே போதும், நின்றுவிடும். முதலில் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தக் கீறல்களில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும். அடுத்து, எல்லாச் சக்கரங்களும் மின்சாரம் எடுக்கின்றனவா என்று பாருங்கள். எடுக்காத சக்கரத்தின் பின்புறத்தை லேசாக உரசும்படி பாஸ்பர் வெண்கலக் கம்பி ஒன்றைப் பொருத்தலாம். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால், நடுப்பகுதி உலோகமாக உள்ள பாயின்ட்டுகளை வாங்கி முறையாக வயரிங் செய்யுங்கள்.

சாதாரண டிசியா, டிசிசியா?

ஒரே எஞ்சின் ஓடும் சின்னப் பாதைக்கு 12 வோல்ட் டிசி தாராளமாகப் போதும். டிசிசி (ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் முறை) வேண்டுமென்றால், மோட்டாரின் இரு முனைகளும் உலோகச் சேசிஸைத் தொடாதபடி பிரித்திருக்க வேண்டும். அதைச் சரிபார்க்காமல் இணைத்தால், எஞ்சினுக்குள் கட்டளையைப் பெறும் டிகோடர் கருகிவிடும். இடம் இருந்தால் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டரையும் சேருங்கள், பாயின்ட்டில் நிற்கும் தொல்லை பெருமளவு தீரும்.

தண்டவாளத்துக்கு என் கேஜ் பாதையையே போடலாமா?

ஓடும், ஆனால் பார்வைக்கு ஒத்துவராது. என் கேஜ் பாதையின் சிலீப்பர் கட்டைகள் சின்னதாகவும் நெருக்கமாகவும் இருக்கும். நேரோ கேஜில் கட்டைகள் இடைவெளி விட்டு, சற்றுக் கோணலாக, நீளம் முன்பின்னாக இருக்கும். ஓஓ9-க்கென்றே பீக்கோ கம்பெனி விற்கும் பாதை இருக்கிறது. அல்லது என் கேஜ் பாதையில் ஒன்றுவிட்டு ஒரு கட்டையை நீக்கி, மிச்சத்தை மரச்சீவல் கொண்டு நீட்டலாம்.

தண்டவாளத்தின் உயரத்தையும் கவனியுங்கள். கோட் 80 என்றால் 0.080 அங்குலம், சுமார் 2 மி.மீ. 1:76-இல் இது நிஜத்தில் 15 செ.மீ.க்கு மேல் வரும், குவாரிப் பாதைக்கு ரொம்பக் கனம். கோட் 55 போட்டால் சுமார் 11 செ.மீ. ஆகிறது. கனத்த தண்டவாளம்தான் கிடைக்கிறதா? பக்கங்களில் துருநிறம் பூசி, ஜல்லியைப் பாதிக்கு மேல் நிரப்பி, நடுவே புல் முளைக்கவிடுங்கள், மெலிந்து தெரியும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

228 மி.மீ. ஆரமுள்ள 9 மி.மீ. வளைவுத் துண்டுகளால் ஒரு முழு வட்டம் போட 60 செ.மீ. சதுரப் பலகை போதும். அந்த வளைவில் நீண்ட பெட்டிகள் திணறும். நான்கு சக்கர வண்டிகளையும் குட்டையான போகிப் பெட்டிகளையும் (இரு முனையிலும் திரும்பும் சக்கரச் சட்டம் உள்ளவை) கட்டுங்கள்.

கப்ளிங் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) எதைப் போடுவது?

எது வேண்டுமானாலும். ஆனால் முதல் மூன்று வண்டிகளுக்குள் முடிவு செய்து, பிறகு மாற்றாதீர்கள். கப்ளிங்கின் உயரத்தைச் சரிபார்க்க ஓர் அளவுக் கட்டையைத் தண்டவாளத்தின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். அரை மி.மீ. பிசகினாலே ஏற்றம் மாறும் இடத்தில் பெட்டிகள் கழன்றுகொள்ளும்.

வண்ணம் பூசுவது, பழையதாகக் காட்டுவது எப்படி?

பாத்திரம் கழுவும் சோப்பில் உடலைக் கழுவிக் காயவையுங்கள், விரல் எண்ணெய் போக வேண்டும். பிரைமர், பிறகு மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை வண்ணம். வெளிர் நிறம் முதலில், அடர்நிறம் பிறகு. எழுத்து டிகால் (ஒட்டுப்படம்) ஒட்டும் இடம் வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதால் முதலில் பளபளப்பு வார்னிஷ், ஒட்டியபின் மேட் வார்னிஷ். சுத்தமான கறுப்பை நான் எங்கும் பூசுவதில்லை. சிறிய அளவில் கறுப்பு ஓர் ஓட்டைபோலத் தெரியும், அதனால் அடர் சாம்பல் நிறம்தான் என் கறுப்பு.

அழுக்கைப் பூசுமுன் நிஜ எஞ்சினின் புகைப்படத்தைப் பக்கத்தில் வையுங்கள். சேஃப்டி வால்வைச் சுற்றித் தண்ணீரின் உப்பு வெள்ளையாக வடிந்திருக்கும். சாம்பல் புகைப்பெட்டிக் கதவின் அடியில் சேர்ந்திருக்கும். ஓட்டுநர் கைபடும் கம்பி மட்டும் பளிச்சென்று மின்னும். மழைநீர் கீழ்நோக்கித்தான் வழியும் என்பதால் கோடுகளும் மேலிருந்து கீழாகவே இருக்கட்டும். துருவை எல்லா இடத்திலும் பூசினால், பல வருடம் வயலில் கிடந்த எஞ்சின் ஆகிவிடும். ஓடுகிற எஞ்சினை யாரோ தினமும் துடைக்கிறார்கள், அந்த அக்கறையும் தெரிய வேண்டும்.

கட்டி முடித்த எஞ்சினைப் பின்னால் மாற்ற முடியுமா?

முடியும்படி கட்டினால் முடியும். உடலைச் சேசிஸோடு ஒட்டாமல் இரண்டு சின்னத் திருகாணிகளால் இணையுங்கள். கூரையைத் தனியாகக் கழலும்படி விடுங்கள், ஓட்டுநரை உட்காரவைக்கவும் வயரைப் பார்க்கவும் அது வேண்டும். நான் தொட்டி கோணிப்போன அந்த முதல் எஞ்சினைப் பிரித்து, தொட்டியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, பக்கவாட்டில் இரண்டு புதுத் தொட்டிகள் வைத்துக் கட்டினேன். கேபின் பழையதுதான், சேசிஸும் பழையதுதான். இப்போது அது குவாரிப் பாதையில் ஆறு கல்வண்டிகளை இழுத்துக்கொண்டு போகிறது.